நீங்கள் செய்த டாங்கியை நிஜ வண்டி தெரிந்த ஒருவர் பார்த்ததுண்டா?

குட்டிக்கவசம்:

மெங் கம்பெனியின் டி-90ஏ டாங்கி கிட், 1/35 அளவு. அதன் இந்திய வடிவமான நம்ம பீஷ்மாவாக மாற்றினேன். எதிரி ஏவுகணையைக் குழப்பும் ஷ்டோரா விளக்குகளின் சிவப்புக் கண்கள் இந்திய வண்டியில் கிடையாது என்பதால், அந்த இடத்துக்கு கான்டாக்ட்-5 வெடிகவசக் கட்டைகளை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். இதெல்லாம் இங்கே பலரும் செய்ததுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

மனைவியின் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2009-ல் அங்கே தயாரான முதல் பீஷ்மாக்கள் வெளியே வந்தபோது சர்வீஸில் இருந்தவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "அதை எடுங்க மாப்பிள" என்றார். டர்ரெட்டை, அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்பகுதியைத்தான் பார்ப்பார், கண்கள் இல்லாததைக் கவனிப்பார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கமே திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹல்லின் (கீழ் உடலின்) ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

அங்கே வெல்டு நான் போட்டது. கிட்டின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சியை (ஸ்ப்ரூ) சூடாக்கி இழுத்து, அந்த இழையை மூட்டில் படுக்க வைத்து, திரவ சிமென்ட் தடவி இளக்கி, பிளேடு நுனியால் பிறை பிறையாக அழுத்தியது. அதன் மேல் நகத்தை ஓட்டினார். அப்படியே திருப்பி மறுபக்கமும் ஓட்டினார்.

"இந்தப் பக்கம் ஒருத்தரு, அந்தப் பக்கம் ஒருத்தரா?"

எனக்குப் புரியவில்லை. "இடது பக்கம் முன்னாலேர்ந்து பின்னால போயிருக்கு. வலது பக்கம் பின்னாலேர்ந்து முன்னால வந்திருக்கு. பிறை பார்த்திருக்கிற திசை சொல்லுதே" என்றார். நான் வலது கைக்காரன், மாடலைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுத்தியதில் அப்படி வந்திருக்கிறது. அவர் குறை சொல்லவில்லை, அங்கேயும் ஆளுக்கொரு கைதானாம். மாடலை வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அதிலிருந்து எந்த கிட்டைப் பிரித்தாலும் முதலில் வெல்டின் திசையில்தான் கண் போகிறது. யாராவது இதைப் பார்த்துச் செய்கிறீர்களா?

விஜயந்தா65:

சும்மா விடுங்க சார். நிஜத்தில் 10 மி.மீ. அகல வெல்டு என்றால் 1/35-ல் சுமார் 0.29 மி.மீ. அதன் மேல் ப்ரைமர், பேஸ் கோட், வார்னிஷ். பிறையாவது ஒன்றாவது! போட்டோவில் எவன் பார்க்கப் போகிறான்?

நானும் ஒரு காலத்தில் நிஜத்தைத் தேடிப் போனவன்தான். ரவுண்டானா ஒன்றில் காட்சிக்கு நிற்கும் பழைய விஜயந்தா டாங்கியை, காவலாளியிடம் கெஞ்சிக் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அடித்து போல்ட் தலையெல்லாம் உருண்டை உருண்டையாகி இருந்தது. நாம் கிட்டில் கஷ்டப்பட்டுக் கூர்மையாக்குகிறோமே, அதில் ஒன்றுகூட அங்கே இல்லை. அப்படியே செய்தால் பெயின்ட் அடிக்கத் தெரியாதவன் என்பீர்கள்.

கூண்டுக்காரன்:

சிங்கப்பூரிலிருந்து. விஜயந்தா65 சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அளவு சின்னது என்பது சரி, ஆனால் அந்த வண்டியோடு வாழ்ந்தவன் கண்ணுக்கு அது சின்னது இல்லை.

லெப்பர்ட் 2A4 டாங்கி கிட்டை வாங்கி, அதன் சிங்கப்பூர் வடிவமான எங்கள் லெப்பர்ட் 2SG ஆக மாற்றினேன். பின்பக்கக் கூண்டுக் கவசத்துக்கே விரல் நுனியெல்லாம் சூப்பர் க்ளூ. மூலைக்கு மூலை ஸ்பாஞ்சால் சிப்பிங் (பெயின்ட் உதிர்ந்தது போன்ற புள்ளிகள்) வேறு. தேசிய சேவையில் அதே வண்டிக்கு டிரைவராக இருந்த நண்பனிடம் காட்டினேன். கூண்டைப் பார்க்கவே இல்லை. டிரைவர் ஏறி இறங்கும் வலது பக்க மூடியை (ஹேட்ச்) சுற்றிக் குனிந்து குனிந்து தேடினான். "என் கால் எங்கடா?" என்றான். தினமும் பூட்ஸ் வைத்து ஏறி இறங்கும் இடம் தேய்ந்து மழமழவென்று இருக்குமாம். மற்ற மூலைகளைக் காட்டி, "இவ்வளவு பெயின்ட் உதிர்ந்த வண்டியோடு நின்றால் சார்ஜென்ட் எங்களை உரித்திருப்பார்" என்று சிரித்தான். ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே பயிற்சிக்குப் போனாலும் திரும்பும்போது கழுவோ கழுவென்று கழுவுவார்களாம். மண் நிற்பதே சக்கரங்களுக்கு நடுவில்தான் என்றான்.

மழைக்காலம்:

அருமையான பகிர்வுகள். என் கதை சின்னது: எச்சிங் (அரித்து உருவாக்கிய மெல்லிய தகடு) பித்தளைக் கொக்கி ஒன்று ட்வீசரிலிருந்து தெறித்தது, மறுநாள் அம்மா பெருக்கும்போது முறத்தில் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஆனால் புதியவர்கள் படிப்பார்கள் என்பதால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். பித்தளைத் தகட்டை வெட்டும்போது துணிக்கடையில் தரும் பெரிய கண்ணாடிக் கவருக்குள் இரண்டு கையையும் விட்டு வெட்டுங்கள், தெறித்தாலும் உள்ளேயே கிடக்கும். அடியில் டைல்ஸ் துண்டு வையுங்கள். ரப்பர் மேட்டில் வெட்டினால் வளையும். மடிக்க வேண்டிய பாகத்தை மட்டும் லைட்டர் தீயில் நிறம் மாறும்வரை காட்டி ஆறவிட்டால் சொன்னபடி கேட்கும். எனாமல் வாஷை (இடுக்குகளில் நிழல் காட்ட விடும் நீர்த்த பெயின்ட்) வெறும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். இறுக்கமாகப் பொருத்திய இடத்தில் தின்னர் இறங்கினால் மொறுக்கென்று உடையும், சஸ்பென்ஷன் ஆர்ம் முதலில் போகும். சென்னைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் ஸ்ப்ரே செய்யவே வேண்டாம், ஈரக் காற்றில் வெள்ளை பூக்கும். அவசரமென்றால், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னர். அப்புறம், சேற்றில் சிக்கினால் மீட்க டி-90 பின்னால் கட்டும் மரக்கட்டைக்கு வேப்பங்குச்சி வேண்டாம், பட்டை முரடு. காய்ந்த கறிவேப்பிலைக் குச்சி போதும்.

விஜயந்தா65:

வெல்டைப் பற்றிக் கேட்டால் கறிவேப்பிலை வரை போயாச்சு. கூண்டுக்காரன், உங்கள் நண்பர் கேட்டது தேய்மானம். அது பெயின்டுக்கு மேலே வருவது, நான் சொன்னது பெயின்டுக்கு அடியில் போவது.

குட்டிக்கவசம்:

சரி, 0.29 சமாச்சாரத்தை பெரியப்பாவிடமே போனில் சொன்னேன். பெயின்டுக்கு அடியில் போனால் தெரியாதுதான் என்று ஒத்துக்கொண்டார். அடுத்து டி-72 செய்கிறேன். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.