வெளியீட்டு நாளில் உள்நுழைவு வரிசை: இணைப்பு அறுந்தால் இடமும் போய்விடுமா?

கொக்குவில்வாசி:
வணக்கம். புதிதாக வெளியான இணைய விளையாட்டு ஒன்றுக்காகச் சிங்கப்பூர் சேர்வரைத் தெரிவுசெய்து, நேற்று மாலை முழுவதும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சில நூறு பேரே மிஞ்சியிருந்த வேளையில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. ரவுட்டர் அணைந்து மீண்டு வருவதற்குள் என்னை வரிசையின் கடைசிக்கே தள்ளிவிட்டார்கள். காசு வாங்கிய நிறுவனம் மேலதிக சேர்வர்களைப் போடாமல் ஏன் இப்படிக் காக்க வைக்கிறது?

நல்லூரான்:
தம்பி, பணம் இருந்தால் மட்டும் இது தீர்ந்துவிடாது. 2021 டிசெம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டின் 'என்ட்வோக்கர்' என்னும் புதிய பகுதி வெளியானபோது, உலகளாவிய சிப் தட்டுப்பாட்டினால் அதை நடத்தும் ஸ்குவெயர் எனிக்ஸ் நிறுவனத்துக்குப் புதிய வன்பொருள் வேண்டிய வேகத்தில் கிடைக்கவில்லை. ஒரு தரவு மையத்தின் வரிசையில் 17,000 பேருக்கு மேல் சேர்ந்தால் உள்நுழைவுச் சேர்வரே விழுந்துவிடும் என்பதால், அதற்கு மேல் வந்தவர்களைப் பிழை 2002 என்ற அறிவிப்புடன் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் விற்பனையையே நிறுத்திவிட்டு, 2022 ஜனவரி 25 இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். வாங்க வருபவரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லும் துணிவு எல்லா நிறுவனங்களுக்கும் வராது.

வாடகைக்குச் சேர்வர் எடுக்கலாமே என்பீர்கள். 2024 பெப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 என்ற இணைய விளையாட்டுக்கு ஒரே நேரத்தில் 4,50,000 பேர் என்று உச்சவரம்பு விதித்ததற்குக் காரணம் இயந்திரக் குறைவன்று. பின்னணி மென்பொருளால் அத்தனை பேரைத் தாங்க முடியவில்லை. அதைத் திருத்திய பிறகே வரம்பை 7,00,000 ஆக உயர்த்தினார்கள்.

ஊரெழு வாத்தியார்:
வரிசை தவிர்க்க முடியாதது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்; ஆனால் நிற்பவரின் இடத்தைக் காத்துத் தராத வரிசையை ஏற்க மாட்டேன். 2022 இல் பெற்றோலுக்கு நின்றபோது, டோக்கன் கிடைத்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கிடைக்காதவர் வாகனத்தை விட்டு அசையவில்லை. இணைப்பு அறுந்தவரின் இடத்தைச் சில நிமிடங்களாவது ஒதுக்கி வைக்காவிட்டால், அறுந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப முயன்று, ஏற்கெனவே திணறும் உள்நுழைவுச் சேர்வரை மேலும் நெரிப்பார்கள். உள்ளே போனவர்களும் வெளியேற அஞ்சி, விளையாடாமலே திறந்து வைத்திருப்பார்கள். ஹெல்டைவர்ஸிலும் அப்படித்தான் நடந்து, சும்மா நிற்பவர்களை வெளியேற்றும் ஏற்பாட்டைப் பின்னர் சேர்க்க வேண்டியதாயிற்று.

கொக்குவில்வாசி:
இருவருக்கும் நன்றி. மின்சாரம் போனவுடன் கைபேசி டேட்டாவுக்கு மாறினால் இடம் நிற்குமா, அண்ணா?

நல்லூரான்:
இடத்தைக் கணக்கின் பெயரில் பதிந்து வைக்கும் விளையாட்டாயின், குறித்த நேரத்துக்குள் திரும்பினால் நிற்கும். இணைப்போடு மட்டும் பிணைத்திருந்தால், உங்கள் இணைய முகவரி (IP) மாறியவுடன் போய்விடும். அதைவிட ரவுட்டரையும், சுவரில் உள்ள பைபர் பெட்டியையும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலானோர் கணினிக்கு மட்டும் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.