ஆதியாகமத்துக் குடும்பங்களை எப்படித் தியானிப்பது?

கேள்வி:
வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்துக்கொண்டு வந்தேன், 37ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் இவர்களை விசுவாச வீரர்களாகத்தான் கேட்டிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு வாசித்தால், காயீன் தம்பியைக் கொல்கிறான், யாக்கோபு கண் மங்கிய அப்பாவை ஏமாற்றி அண்ணன் ஏசாவின் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்கிறான், அப்புறம் அவனை மாமன் லாபான் ஏமாற்றுகிறான், கடைசியில் யாக்கோபின் மகன் யோசேப்பை அண்ணன்களே 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறார்கள். எனக்கும் என் அண்ணனுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை, அதனால்தானோ என்னவோ இந்தப் பகுதி மனதை ரொம்ப அறுக்கிறது. இதில் ஆவிக்குரிய அர்த்தத்தை எங்கே தேடுவது?

பதில்:
சகோதரரே, இவர்களை முன்மாதிரிகளாக வாசிப்பதை விட்டுவிட்டு, ஒரே காயம் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். அப்பா ஈசாக்குக்கு ஏசா செல்லம், அம்மா ரெபெக்காளுக்கு யாக்கோபு செல்லம். அப்படி வளர்ந்த யாக்கோபு, தன் இரண்டு மனைவிகளில் லேயாளை விட ராகேலை நேசிக்கிறான், மற்ற பிள்ளைகளை விட ராகேலின் மகன் யோசேப்பை நேசிக்கிறான். அவன் வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கட்டிக்கொண்டு அப்பாவை ஏமாற்றினான். அவனுடைய பிள்ளைகள் வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் யோசேப்பின் அங்கியைத் தோய்த்து அவனை ஏமாற்றுகிறார்கள்.

யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா, லேயாளின் மகன். 37ஐத் தாண்டி 44 வரை அவனை மட்டும் பின்தொடர்ந்து வாருங்கள். நடுவில் 38இல் மருமகள் தாமாருக்குத் தான் செய்த அநியாயம் வெளிப்பட்டபோது, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று ஒத்துக்கொள்கிறான், எனக்கு அவன் மாறத் தொடங்குவது அங்கேதான். 44இல், எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்பிடம், அவன் யாரென்று தெரியாமலே, ராகேலின் இளைய மகன் பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சும்போது, என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று அப்பா சொன்னதை அவனே எடுத்துச் சொல்கிறான். இரண்டு பிள்ளைகள்! லேயாள் பெற்ற ஆறு பேரும் அந்தக் கணக்கில் இல்லை, பேசுகிறவனும் இல்லை. அப்பா இப்போதும் ஓரவஞ்சனைதான் செய்கிறார், ஆனாலும் அவருடைய மனம் உடையக்கூடாது என்று இவன் குறுக்கே நிற்கிறான். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு அடக்கமாட்டாமல் அழுகிறான்.

பதில்:
மேலே சொன்னது அருமை, ஆனால் ஒதுக்கப்பட்டவர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். நான் அதிக நேரம் தியானிப்பது ஆகாரைத்தான். அவள் ஆபிரகாமின் மனைவி சாராளின் அடிமைப் பெண், சாராள் கடினமாக நடத்தியதால் ஓடிப்போனவள், அவளிடம்தான் கர்த்தர் பேசுகிறார், அவளும் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவருக்குப் பெயர் வைக்கிறாள். அது நடந்த துரவுக்கு (கிணற்றுக்கு) லாகாய்ரோயீ என்று பெயர். பின்னால் சாராளின் மகன் ஈசாக்கு குடியிருப்பதும் அதே துரவுக்குப் பக்கத்தில்தான். தன் அம்மா துரத்திய பெண் தேவனைக் கண்ட இடத்தில் இவன் ஏன் போய் வாழ்ந்தான் என்று வேதம் சொல்வதில்லை, எனக்கு அது நெஞ்சிலேயே நிற்கிறது. ஆபிரகாமை மக்பேலா குகையில் அடக்கம் செய்யும்போது ஈசாக்கும் ஆகாரின் மகன் இஸ்மவேலும் சேர்ந்துதான் நிற்கிறார்கள்.

பதில்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதை வைத்து "உடனே போய் ஒப்புரவாகு" என்று உங்களை யாராவது நெருக்கலாம். 33ஆம் அதிகாரத்தில் ஏசா ஓடிவந்து யாக்கோபைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான், இருவரும் அழுகிறார்கள். ஏசா வாழும் சேயீருக்கு வருகிறேன் என்று யாக்கோபு சொல்கிறான், ஆனால் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறான். பயம் முழுசாகப் போகவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். அப்படியிருந்தும் அந்த முத்தம் பொய்யில்லை. ஈசாக்கு இறந்தபோது அடக்கம் செய்தது இந்த இருவரும்தான். ஒரே வீட்டில் வாழாமலே பகை தீரலாம், வேதம் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு 44ஐ இரண்டு தடவை வாசித்தேன். "இரண்டு பிள்ளைகள்" என்ற இடத்தில் மேலே போக முடியவில்லை, எங்கள் வீட்டில் செல்லப்பிள்ளை நான்தான். இத்தனை நாளும் யோசேப்பின் இடத்திலிருந்துதான் என் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் லேயாளின் மகனாக வளர்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் அவரைக் கூப்பிடவில்லை. அவருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்திருக்கிறேன்.