36-க்கு அப்புறம் லீவர் பாதியில் நிற்கிறது, திறக்கலாமா?

கேள்வி:
பழைய மேனுவல் 35 எம்எம் எஸ்எல்ஆர் பிலிம் கேமரா. 36 படம் முடிந்து அடுத்ததற்கு இழுக்கும்போது லீவர் பாதியிலேயே நின்றுவிட்டது. ரீவைண்ட் பிடியை (பிலிமைத் திரும்பக் கேசட்டுக்குள் சுற்றுவது) சுற்றினால் கல் மாதிரி இருக்கிறது. பின்பக்கத்தைத் திறந்து பார்க்கலாமா? உள்ளே இருப்பது கலர் ரோல்.

பதில்:
திறக்காதீர்கள். லீவரையும் இனி அழுத்தி இழுக்க வேண்டாம். பிலிமின் கடைசி நுனி கேசட்டுக்குள் ஒட்டியிருக்கும், அதற்கு மேல் வர அதனிடம் நீளம் இல்லை. பிலிமை நகர்த்தும் ஸ்ப்ராக்கெட் பற்கள் அதன் ஓரத் துளைகளைக் கிழிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேமராவின் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தினால்தான் பற்கள் பின்னோக்கிச் சுழலும். சில கேமராக்களில் அது அழுத்தினபடியே நிற்கும், சிலவற்றில் விரலை எடுக்கவே கூடாது. அழுத்தியும் இறுக்கமாக இருந்தால், பட்டனை விடாமல் லீவரை மீதி தூரத்துக்கு மிக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பாதியில் நிற்கும் லீவரே சில சமயம் பற்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

விடுபட்டதும் பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் நிதானமாகச் சுற்றுங்கள். வறண்ட குளிரில் வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறிந்து படத்தில் மின்னல் கோடு விழும். கடைசியில் சட்டென்று கை லேசாகும்: பிலிமின் முன் நுனி ஸ்பூலை (எடுத்த பிலிம் சுற்றிக்கொள்ளும் உருளை) விட்டு வந்துவிட்டது. அப்புறமும் சில சுற்று சுற்றிவிட்டுத் திறங்கள்.

இன்னொருவர்:
பட்டனை அழுத்தியும் பிடி எந்தத் தடையும் இல்லாமல் வெறுமனே சுற்றினால் பிலிம் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது சேஞ்சிங் பேக் (கைகளை மட்டும் உள்ளே விடும் ஒளி புகாத பை) அல்லது முழு இருட்டறையில்தான் திறக்க வேண்டும். சிவப்பு விளக்கும் கூடாது, கலர் பிலிமுக்கு அதுவும் வெளிச்சம்தான். ஓரங்களை மட்டும் பிடித்து எடுத்து, ஒளி புகாத டப்பாவில் போட்டு, கழுவித் தருபவரிடம் 'உள்ளே கேசட் இல்லை, வெறும் பிலிம், இருட்டில் திறக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள்.

கேட்டவர்:
லீவரைத் தள்ளியதும் விட்டது. முழு ரோலும் வந்துவிட்டது, நன்றி! அடுத்த ரோல் மாட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:
நுனியை ஸ்பூலில் செருகி, மேல் கீழ் இரண்டு வரிசைத் துளைகளும் பற்களில் உட்கார்ந்த பிறகே மூடுங்கள். மூடியதும் ரீவைண்ட் பிடியை லேசாகத் திருப்பித் தளர்ச்சியை எடுத்துவிடுங்கள். அதன்பின் லீவரை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பிடி தானாகச் சுழல வேண்டும். எண் காட்டியை நம்பாதீர்கள், பிலிம் நகராவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

பாலியெஸ்டர் அடித்தளம் கொண்ட பிலிம்களும் உண்டு. அவை லேசில் கிழியாது. வம்பாக இழுத்தால் உடைவது கேமராவின் பல்சக்கரம். அதைவிட, லேசில் கிழியும் அசிட்டேட் அடித்தள பிலிம் கிழிவதே எனக்கு மேல்.

மூன்றாமவர்:
என்னிடம் இருப்பது அடிப்பக்கம் திறந்து பிலிம் மாட்டும் பழைய ஸோர்க்கி கேமரா. நுனி உள்ளே போகும்போதே சிக்குகிறது.

பதில்:
அதற்கு வேறு கணக்கு. இப்போது வரும் ரோல்களின் நுனி அந்த வகைக்கு ரொம்பக் குட்டை. குறுகலான பகுதி சுமார் 10 செ.மீ. வரும்படி கத்தரித்துக்கொள்ளுங்கள், வெட்டு துளையின் நடுவே போகாமல் பார்த்து. அங்கே துணுக்கு பெயர்ந்தால் ஷட்டருக்குள் போய் மாட்டும். அடியில் திறக்கும் ஃபெட், பழைய ஸ்க்ரூ மவுண்ட் (லென்ஸைத் திருகி மாட்டும்) லைக்கா கேமராக்களுக்கும் இதே வெட்டுதான்.