புதுப்பிப்பு: அப்பாவின் டேப்லெட்டில் வந்த வைரஸ் எச்சரிக்கை

அப்பாவின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் "வைரஸ் உள்ளது, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று ஓயாமல் எச்சரிக்கை வருவதாக எழுதியிருந்தேன் அல்லவா, தீர்ந்துவிட்டது. வைரஸே இல்லை, பிளே புரொடெக்ட் (ஆண்ட்ராய்டில் ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதி) ஸ்கேனிலும் ஒன்றும் சிக்கவில்லை. ஏதோ ஒரு ஜாதகத் தளம், "ரோபோ இல்லை என்றால் 'அனுமதி'யை அழுத்துங்கள்" என்று சொல்லி, அறிவிப்பு அனுப்பும் உரிமையை வாங்கி வைத்திருந்தது. அதனால்தான் குரோமை மூடிய பிறகும் வந்தது. கூர்ந்து பார்த்தால் எச்சரிக்கையிலேயே குரோம் சின்னமும் தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அப்புறம் அறிவிப்புகள் என்று போய் அந்த முகவரியைத் தடுத்தேன். சரி, அவ்வளவுதான், நின்றுவிட்டது. ஃபேக்டரி ரீசெட் (டேப்லெட்டில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்யச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் இதற்கு அது தேவையே இல்லை, படங்களெல்லாம் போயிருக்கும். ஐபேடில் இதே தொல்லை சிலருக்குக் காலண்டர் சந்தா (தெரியாமல் சேர்த்துவிட்ட வெளியார் காலண்டர்) வழியாக வரும். அங்கே அந்தக் காலண்டரை நீக்கினால் போதும்.