பேரிஜம் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி: ஆளுக்கு 2000 ரூபாயில் முடியுமா?

வைகைக்கரை:

நானும் என் சித்தப்பா மகனும் ஒரு நண்பனும் டிசம்பர் கடைசி வாரம் கொடைக்கானல் போகலாம் என்று இருக்கிறோம். ஊரைச் சுற்றிப் பார்ப்பதில் எங்களுக்கு ஆசை இல்லை. மேலே காட்டுக்குள் இருக்கும் ஏரி ஒன்றைப் பார்க்க வேண்டும், முடிந்தால் கரையிலேயே படுத்திருந்து விடிகாலையில் தண்ணீர் மேல் பனி எழும்புவதைப் பார்க்க வேண்டும், அதுதான் மொத்தத் திட்டமும். பேரிஜம்தான் மனதில் இருக்கிறது. மூன்று பேருமே இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம், ஆளுக்கு 2000 ரூபாய்க்கு மேல் தாங்காது. சொந்த வண்டி இல்லை, கூடாரம் ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது. மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி கொடைக்கானலில் இறங்கி, அங்கிருந்து பேரிஜம் வரைக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள், அதை நடந்தே போய்விடலாமா? இ-பாஸ் எங்களுக்கும் வேண்டுமா? அப்புறம், தம்பிக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி வரும். அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டுமோ என்று சித்தி பயப்படுகிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு வாசி:

பேரிஜத்தில் நீங்கள் நினைக்கிற மாதிரி ராத்திரி தங்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் முழுக்க வனத்துறை இடம், 2013-இல் கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பகலில் வண்டியில் போய்த் திரும்பலாம், அதுவும் நாளுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு. யானை இறங்கியிருக்கிறது என்றால் அதுவும் கிடையாது. முதுகுப்பையோடு நடந்து போய் கேட்டில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இதில் வருத்தமும் இல்லை, ஏனென்றால் அந்த ஏரித் தண்ணீர்தான் பெரியகுளம் ஊர்க்காரர்களுக்குக் குடிநீராகப் போகிறது. கரையில் அடுப்பு மூட்டி, தட்டு கழுவி, சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வருகிற இடம் அது இல்லை.

பேரிஜம் தாண்டி மூணாறுக்குப் பழைய ரோடு ஒன்று இருக்கிறது, அதில் நடந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து கேட்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், நாங்களெல்லாம் அந்த வாரம் முழுக்க சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஏறுவதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நடந்தே ஆக வேண்டும் என்றால் வட்டக்கானல் - வெள்ளகவி பாதை இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அதுவும் உண்டு, இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். ஆனால் அதில் ஏரி கிடையாது. வெள்ளகவி ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், ஊர் வழக்கம்.

இ-பாஸ் 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து, உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது, வெளியூரிலிருந்து வருகிற வண்டிகளுக்கு. அரசு பஸ்ஸில் போனால் உங்களுக்கு வேண்டாம். சித்தியிடம் சொல்லுங்கள், கொடைக்கானல் 7000 அடிதான், உயரத்தால் வருகிற மூச்சுத்திணறலும் தலைவலியும் பொதுவாக 8000 அடிக்கு மேல்தான் தொடங்கும். தம்பிக்கு வருவது வளைவுகளால் வருகிற வாந்தி. வயிறு முட்டச் சாப்பிடாமல், முன்பக்க சீட்டில், தூரத்து மலையைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள், போனைக் கையில் எடுக்கவே கூடாது.

மேல்மலை மருமகள்:

தம்பி, பேரிஜம் இல்லையென்றால் மனசு விட வேண்டாம், மன்னவனூர் வாங்க. நான் பூம்பாறையில் வாக்கப்பட்டவள், பதினாறு வருசமா இந்தப் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பக்கமெல்லாம் பஸ் இருக்கிறது. இந்த ஊர்களைத்தான் மேல்மலை என்று சொல்வோம். மன்னவனூர் ஏரி கொடைக்கானலிலிருந்து 35 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். சுற்றி வெறும் புல்வெளி, காற்று அடித்தால் புல் ஒரு பக்கமாகச் சாயும், தண்ணீரில் பரிசல் விடுகிறார்கள். பக்கத்திலேயே மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை, 1965-இலிருந்து இருக்கிறது. ஏரிக்கு இறங்கணும் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பேச்சு வாக்கில் ஊருக்குள்ளேயே போய்விடுவீர்கள்.

ராத்திரிக்கு பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி என்றால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டும் சேர்ந்து கொடைக்கானலில் வாடகை ஏறிவிடும், கிராமத்தில் அவ்வளவு ஏறாது, மூன்று பேர் ஓர் அறையைப் பங்கு போட்டால் உங்கள் காசுக்குள் அடங்கும். ஒரு வாரம் தள்ளி ஜனவரியில் வார நாளாகப் பார்த்து வந்தால் இன்னும் குறையும். பனி பார்க்க வேண்டும் என்று சொன்னீர்களே, அதற்கும் ஜனவரிதான் நல்லது. விடிவதற்குள் எழுந்து போர்வையோடு நடந்து போய்ப் பாருங்கள், ஆனால் ஊரில் யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள். காட்டுமாடு விடியற்காலையில் ரோட்டிலேயே நிற்கும். நின்றால் நீங்களும் நில்லுங்கள், அது போகட்டும். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.

பூம்பாறையில் இறங்கினால் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு வாங்க. மலைப்பூண்டு கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பூண்டு, சித்திக்குக் கொடுத்தால் அடுத்த தடவை தடுக்க மாட்டார்.

பழைய முதுகுப்பை:

கூடாரத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம்.

எட்டு வருடம் முன்பு, இதே டிசம்பர், நாலு பேர். வாடகைக்குக் கொடுத்தவர் எவ்வளவு குளிரையும் தாங்கும் என்றார், நம்பினோம். மேல்மலையில் ஓர் ஓடையை ஒட்டிய தாழ்வான தோட்டத்தில், தோட்டக்காரரிடம் கேட்டுத்தான் போட்டோம். பள்ளமாக இருந்தால் காற்று அடிக்காது என்பது எங்கள் கணக்கு. மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகி மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும், உறைபனி முதலில் அங்கேதான் பிடிக்கும், அது எங்களுக்குத் தெரியாது. நாலு பேர் மூச்சும் கூடாரத்தின் உள்பக்கம் நீராகக் கோத்து முகத்தில் சொட்டியது. கீழே விரிக்க ஒரு பெட்ஷீட்தான், தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஒருவன் நடந்து வியர்த்த பனியனோடும் ஜீன்ஸோடும் அப்படியே படுத்துவிட்டான். இரண்டு மணிக்கு அவன் நடுங்கிக்கொண்டிருந்தான், மூன்று மணிக்கு நடுக்கம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். பேச்சுக் கொடுத்தால் நாக்கு குழறுகிறது, சட்டைப் பொத்தானைப் போடத் தெரியவில்லை. நடுக்கம் நிற்பதுதான் ஆபத்து என்று பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

தோட்டக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்தம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் ஈரத்துணியைக் கழற்றச் சொல்லி, தன் வீட்டுக்காரரின் கம்பளி பனியனைப் போட்டுவிட்டு, அடுப்படியில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடுங்காப்பி கொடுத்தார். அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின, புகை ஏறி நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவன் பேசத் தொடங்கும் வரைக்கும் நான் அந்தக் கட்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பூண்டு வாசம் வந்தால் அந்த அடுப்படிதான் நினைவுக்கு வருகிறது.

அதனால் பஸ்ஸில் மிச்சம் பிடியுங்கள், சாப்பாட்டில் பிடியுங்கள், முதல் நாளுக்குப் புளிசோறும் அப்புறம் கடலைமிட்டாயும் பொரிகடலையும் போதும். படுக்கிற இடத்திலும் கம்பளியிலும் மட்டும் பிடிக்காதீர்கள். நடக்கும்போது போட்ட துணியோடு படுக்காதீர்கள், படுப்பதற்கென்று காய்ந்த உடுப்பு ஒரு செட், காலுறையோடு தனியாக வையுங்கள். அதை யூரியா சாக்கின் உள்ளே வரும் பாலிதீன் உறையில் (நன்றாகக் கழுவியது) சுற்றிப் பைக்குள் வைத்தால் மழை வந்தாலும் நனையாது.

வைகைக்கரை:

அண்ணே, படித்துவிட்டு மூன்று பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கூடாரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஜனவரி இரண்டாவது வாரம், செவ்வாய் புதன், மன்னவனூர். அக்கா, குடிதண்ணீருக்கு மேலே பாட்டில் வாங்கிக்கொள்ளலாமா, இங்கிருந்தே கொண்டு வரவா?

மேல்மலை மருமகள்:

பாட்டில் தண்ணீர் வாங்காதீங்க, கொண்டும் வராதீங்க. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வரி போடுகிறார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாங்க, தங்குகிற வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் கேட்டால் ஊற்றித் தருவார்கள். ராத்திரி அதையே துணியில் சுற்றிப் போர்வைக்குள் காலடியில் வைத்துக்கொண்டால் விடிகிற வரைக்கும் கதகதப்பாக இருக்கும். திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள், அதை விட்டால் ஜீப்புக்குக் கொடுக்கிற காசில் உங்கள் 2000 கரைந்துவிடும்.