ஆணைக்குழுக்களின் முன் மறுபடியும் சாட்சியமளிக்கும்படி குடும்பங்களைக் கேட்பது சரியா?

கேள்வி

வணக்கம். இலங்கையின் வடக்கில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடன் பணியாற்றும் சிறிய சிவில் சமூக அமைப்பொன்றில் அண்மையில் இணைந்திருக்கிறேன். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இலிருந்து காணாமற்போனோர் அலுவலகம் என ஒவ்வொன்றின் முன்பும் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போன தாய்மாரைத்தான் நாங்கள் சந்திக்கிறோம். ஒரு தாயார் தமது பிளாஸ்டிக் கோவையைத் திறந்து காட்டினார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைக் குழு கொடுத்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதிவிலக்கம், மடிப்பில் கிழிந்து நாடா ஒட்டப்பட்ட கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. "இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் பிள்ளை" என்றார்.

உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழுவுக்கான சட்டமூலம் 2024இல் வர்த்தமானியில் வெளிவந்த காலந்தொட்டு எங்கள் அமைப்புக்குள் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. அரசு அமைக்கும் எந்தப் பொறிமுறையையும் புறக்கணிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். வாய்ப்பைக் கைவிட்டால் பதிவே இல்லாமற் போய்விடும் என்கிறார்கள் மற்றவர்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

போவதா, புறக்கணிப்பதா என்பதைக் குடும்பங்களே தீர்மானிக்கட்டும். அவர்கள் எந்த முடிவை எடுத்தாலும், ஆணைக்குழுவின் கையை எதிர்பாராத முழுமையான பதிவொன்று அவர்களிடம் இருக்கச் செய்வதே உங்கள் பொறுப்பு. ஆணைக்குழு அமர்வுகளில் தங்களுக்குக் கிடைத்த சொற்ப நேரமும் இழப்பீடு வேண்டுமா, மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்கிறீர்களா என்ற கேள்விகளிலேயே கழிந்ததாகப் பல தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்ட குறிப்பில் வழக்கொன்றுக்குத் தேவையான எதுவும் இருக்காது.

நல்ல வாக்குமூலத்தில் நாளும் இடமும் மட்டும் போதா. வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, எந்த மொழியில் பேசினார்கள், வாகனம் எந்தத் திசையில் போனது, அருகில் எந்த முகாம் அல்லது சோதனைச்சாவடி இருந்தது, அப்போது வேறு யார் அங்கே நின்றார்கள் என்பவற்றைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால், பத்தாண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் உண்மையான பகுதியும் சேர்ந்தே அடிபடும். பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள்.

யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலை எண்ணிப் பாருங்கள். 2000 டிசம்பரில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பொதுமக்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். தப்பிய ஒருவர் உடனே நடந்ததைச் சொன்னதாலும், சடலங்கள் விரைவிலேயே தோண்டியெடுக்கப்பட்டதாலும்தான் அவ்வழக்கு நிலைத்தது. 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்பு இன்றும் என்னைக் கொதிக்க வைக்கிறது. ஆனாலும் கொலை நடந்தது, செய்தவர் யார் என்ற நீதிமன்றத் தீர்மானத்தை எந்த மன்னிப்பாலும் அழிக்க முடியவில்லை.

பதில் 2

மேலே சொல்லப்பட்டதுடன் உடன்படுகிறேன். முன்னாள் யூகோஸ்லாவியாவின் அனுபவத்தை அதோடு சேர்க்க விரும்புகிறேன். பொஸ்னியப் போரில் 2,00,000 பேர் இறந்ததாகவே நெடுங்காலம் சொல்லப்பட்டது. சராயேவோவில் இயங்கிய ஆய்வு மற்றும் ஆவணமாக்கல் மையம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடி, 2007இல் 97,207 பேரின் விவரங்களை வெளியிட்டபோது, இழப்பைக் குறைத்துக் காட்டுவதாகப் பாதிக்கப்பட்டோர் தரப்பிலேயே கோபம் எழுந்தது. யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்தின் மக்கள்தொகை ஆய்வாளர்கள் தனியே செய்த மதிப்பீடும் ஒரு இலட்சத்தை ஒட்டியே அமைந்தது. சுற்றெண்ணை மறுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த இடம் என்று நிற்கும் பட்டியலை மறுப்பது அத்தனை எளிதன்று.

நம் பக்கத்தில் 2011இல் ஐ.நா. நிபுணர் குழு இறுதிப் போரில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது, 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற மதிப்பீடுகளைச் சுட்டியது. இவ்வளவு ஆண்டுகளாக நாம் எண்களைப் பற்றி வாதிட்ட அளவுக்கு ஊர் ஊராகப் பெயர்களைத் திரட்டவில்லை என்பதே என் வருத்தம்.

செர்பியாவில் நடாஷா காண்டிச் 1992இல் தொடங்கிய மனிதநேயச் சட்ட மையம், "ஸ்கோர்பியன்கள்" என்ற செர்பியப் படைப்பிரிவினர், 1995இல் படுகொலை நடந்த பொஸ்னிய நகரான சிரெப்ரெனிட்சாவைச் சேர்ந்த அறுவரைச் சுட்டுக்கொல்லும் காணொளியைத் தேடிப் பெற்றது. 2005 ஜூனில் அது ஹேக்கில் முன்னாள் ஜனாதிபதி மிலொசெவிச்சின் வழக்கில் காட்டப்பட்டு, செர்பியத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. 2007இல் பெல்கிராட் நீதிமன்றமே குற்றவாளிகளைத் தண்டித்தது. காண்டிச்சைத் துரோகி என்றார்கள். தன் சமூகத்தின் பெயரால் நடந்த குற்றத்தைச் சொல்லும் எவரும் அந்த வசையைக் கேட்காமல் தப்புவதில்லை, நம்மிடையேயும் அப்படித்தான்.

பதில் 3

ஒரு மாற்றுக் கருத்தை மரியாதையுடன் முன்வைக்கிறேன். குடும்பங்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் பார்க்கும் போக்கு இந்த உரையாடலிலும் தெரிகிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் போராட வீதியோரம் அமர்ந்த உறவினர்கள் எந்த அமைப்பின் அழைப்புக்காகவும் காத்திருக்கவில்லை. நல்லிணக்கப் பொறிமுறைகள் குறித்து மக்கள் கருத்தறிய 2016இல் அரசு அமைத்த, முழுவதும் சிவில் சமூகத்தவரைக் கொண்ட கலந்தாலோசனைச் செயலணி நாடெங்கும் 7,306 சமர்ப்பிப்புகளைப் பெற்றது; மக்கள் நம்பிப் பேசினார்கள்; வெளிநாட்டு நீதிபதிகளையும் உள்ளடக்கிய நீதிமன்றத்தை அதன் அறிக்கை பரிந்துரைத்தது; அரசு அதைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டது. மறுபடியும் சொல்லச் சொல்லும்போது இந்த வரலாறு முழுவதும் அந்தத் தாயின் மனதில் இருக்கிறது. ஆகவே முதலில் அவரது கோவையில் ஏற்கெனவே இருப்பதை வாசியுங்கள். அதில் இல்லாததை மட்டும் கேளுங்கள். மூலப் பத்திரங்களை ஒருபோதும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோவையை முதலில் வாசிக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. இந்த வாரமே தொடங்குகிறோம். எடுத்த வாக்குமூலத்தை ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு அனுப்புவதென்றால் தனியாக ஒப்புதல் பெறவேண்டுமா?

பதில் 1

கட்டாயம் பெறவேண்டும். 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின் பின், எதிர்கால வழக்குகளுக்காகச் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் இருக்கிறது. உங்களிடம் பேசுவதற்கு அவர் தந்த சம்மதம் அங்கே அனுப்புவதற்கும் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. யார் வாசிப்பார்கள், பெயர் மறைக்கப்படுமா, வழக்கொன்று வந்தால் நேரில் அழைக்கப்படுவாரா என்பதை அவருடைய மொழியில் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாகக் கையொப்பம் பெறுங்கள். இடையில் மனம் மாறினால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.