சென்னை–ஐதராபாத் ரேலே அலை: 25 விநாடியில் வேகம் 4.5 வருவது ஏன்?

கேள்வி: இரு ஊர்களின் பிராட்பேண்ட் நிலநடுக்கமானிப் பதிவுகளிலிருந்து ரேலே அலையின் (நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிப் பரவும் நிலநடுக்க அலை) கட்ட வேகம், அதாவது ஒரு அலைவுக் காலத்து அலைமுகடு நகரும் வேகம், கணக்கிடுகிறேன். இடைவெளி சுமார் 520 கிமீ. 25 விநாடி அலைவுக் காலத்தில் விநாடிக்கு 4.5 கிமீ வருகிறது. கருவியின் தாக்கத்தை நீக்கியாயிற்று. எங்கே பிசகு?

பதில் 1: பயண நேரக் கணக்கில் ஒரு சுற்று (ஒரு முழு அலைவு, இங்கே 25 விநாடி) விட்டுப்போயிருக்கிறது. அங்கே 3.7 அளவில் வரவேண்டும். பயண நேரம் சுமார் 140 விநாடி. அதில் 25 குறைந்தால் 115. 520ஐ 115ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 4.5 வந்துவிடும். 100 விநாடி அலைவுக் காலத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே சரியான விடை 4.1 அருகே; ஒரு சுற்று கூடினால் 2.3, குறைந்தால் 19. பார்த்ததுமே தள்ளிவிடலாம். அங்கிருந்து வேக வளைவு துண்டாகாமல் குறுகிய காலங்களுக்கு இறங்கி வாருங்கள்.

பதில் 2: எந்த நிலநடுக்கத்தை எடுத்தீர்கள் சார்? நடுக்க மையமும் இரு நிலையங்களும் ஒரே பெருவட்டத்தில் (பூமிப் பரப்பில் மிகக் குறுகிய பாதை செல்லும் வட்டம்), 3 பாகைக்குள் இருக்கவேண்டும். இந்தப் பாதைக்கு இந்துகுஷ் மலைத்தொடர் (ஆப்கானிஸ்தான் பக்கம்) திசை நன்றாகப் பொருந்தும். ஆனால் அங்கே பல நடுக்கங்கள் 200 கிமீ ஆழத்தில் நிகழ்கின்றன. மேற்பரப்பு அலை மெலிந்துதான் வரும். ஆழம் குறைந்தவற்றை மட்டும் பொறுக்குங்கள். ஜிபிஎஸ் கடிகாரத்தையும் சரிபாருங்கள்: 3 விநாடிப் பிழை வேகத்தில் 0.1 கிமீ தின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்: சுற்றைத் திருத்தியதும் 3.7 வந்துவிட்டது, நன்றி. 200 கிமீ ஆழம்வரை கவசத்தை (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பார்க்கலாமா?

பதில் 3: அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில்தான் உணர்திறன் உச்சம். 25 விநாடி சொல்வது மேலோட்டைப் பற்றி. 100 விநாடி சொல்வது சுமார் 135 கிமீ ஆழத்தைப் பற்றி. 200 கிமீ ஆழத்துக்கு 140 விநாடிக்கு மேல் வேண்டும். அப்போது அலைநீளம் உங்கள் இடைவெளியையே தாண்டிவிடும். இன்னும் தள்ளியுள்ள நிலையத்தைச் சேருங்கள். மேலோட்டின் தடிமனைத் தனியாக நிர்ணயிக்காமல் தலைகீழ்க் கணக்கு (வேகங்களிலிருந்து ஆழத்தின் அமைப்பைக் கணிப்பது) போடவேண்டாம். அதன் பிழை அப்படியே கவசத்தில் போய் ஏறும்.